வரத்துவாய்க்கால் ஆக்கிரமிப்பு: பொதுநல வழக்குக்கு முன்பு செய்ய வேண்டியவை

கேள்வி: புதுக்கோட்டை மாவட்டத்தில் எங்கள் ஊர்க் கண்மாயின் வரத்துவாய்க்காலைத் தூர்த்து மூன்று பேர் வீடு கட்டியிருக்கிறார்கள். எனக்கும் அந்த ஆயக்கட்டில் (கண்மாய்த் தண்ணீர் பாயும் நிலப்பரப்பில்) ஒரு ஏக்கர் உண்டு. நான் பொதுநல வழக்குப் போடலாமா?

பதில்: போடலாம். பாதிக்கப்பட்டவர்தான் வழக்காட வேண்டும் என்ற விதியை 1981-இல் எஸ்.பி. குப்தா வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் தளர்த்திவிட்டது. உங்கள் மாவட்டத்துக்கு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை. அரசியலமைப்பின் 226-வது பிரிவில் ரிட் மனு, அதாவது அரசுக்கு உத்தரவிடக் கேட்கும் மனு. ஒரு ஏக்கர் இருப்பது குற்றமில்லை, அதை மறைப்பதுதான் தப்பு. பிரமாணப் பத்திரத்தில் முதலிலேயே எழுதிவிடுங்கள். அந்த மூவரில் ஒருவரோடு வரப்புத் தகராறு ஏதும் இருந்தால் அதையும் சேர்த்துத்தான். எதிர்த்தரப்பு அதைக் கிளறி எடுத்தால் மனு தள்ளுபடியாகும், செலவுத்தொகையும் தலையில் விழும்.

முதல் வேலை வக்கீல் தேடுவதல்ல, சர்வே எண்ணைத் தேடுவது. அ-பதிவேட்டில் (ஊரின் நிலங்களை வகைவாரியாகப் பதியும் வருவாய்த் துறைப் பதிவேடு) அந்த எண் ‘வாய்க்கால் புறம்போக்கு’ என்று இருக்கிறதா பாருங்கள். அந்த எண்ணின் எல்லையையும் அளவையும் காட்டும் புல வரைபடத்தையும் வாங்குங்கள். பட்டா நிலத்துக்குள் ஓடிய வாய்க்கால் என்றால் கதையே வேறு. அது பெரும்பாலும் சிவில் கோர்ட்டுக்குப் போகும். கைபேசியில் எடுத்த படம் வீட்டைக் காட்டும். வீடு புறம்போக்கில் நிற்கிறது என்பதைக் காட்டாது. ஆவணம் கிடைக்காவிட்டால் 10 ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமை மனு போடுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும்.

அடுத்தது கோரிக்கை மனு. ஆயக்கட்டு 100 ஏக்கருக்குக் குறைவென்றால் கண்மாய் பொதுவாக ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு, மேலே போனால் நீர்வளத் துறை. உரிய அலுவலருக்கும் தாசில்தாருக்கும் ஒப்புகை கிடைக்கும்படி தபாலில் அனுப்பி, நகலைக் கலெக்டருக்கும் அனுப்புங்கள். சர்வே எண், ஆக்கிரமித்தவர்கள் பெயர், என்ன நடவடிக்கை வேண்டும், மூன்றும் மனுவில் இருக்கட்டும். ‘செய்’ என்று அரசுக்கு உத்தரவிடக் கேட்கும்போது, ‘முதலில் அவர்களிடம் கேட்டீர்களா?’ என்றுதான் நீதிபதிகள் கேட்பார்கள். அந்த ஒப்புகைதான் பதில். மாலைப் பத்திரிகைச் செய்தியை மட்டும் ஒட்டிக்கொண்டு வரும் மனுக்கள் இந்தக் கேள்வியிலேயே நின்றுவிடும்.

பலர் தவறும் இடம் இன்னொன்று: அதிகாரிகளை மட்டும் எதிர்மனுதாரராக்கி, வீடு கட்டியவர்களை விட்டுவிடுவது. அவர்களைக் கேட்காமல் இடிக்கச் சொல்ல முடியாது. மூவரையும் பெயர் சொல்லிச் சேருங்கள். சொந்தச் செலவில் வழக்குப் போடுவதாகவும், இதே விஷயத்தில் வேறு வழக்கு இருப்பது தெரியாது என்றும் (தெரிந்தால் அதன் விவரத்தையும்) பிரமாணத்தில் சொல்ல வேண்டும்.

வக்கீலுக்கு வசதியில்லாதவர்கள் உயர் நீதிமன்றச் சட்டப் பணிகள் குழுவை அணுகலாம். பெண்களுக்கும் பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கும் வருமான வரம்பு கிடையாது.

முதல் நாளே புல்டோசர் வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். ‘மனுவைப் பரிசீலித்து, சம்பந்தப்பட்டவர்களை விசாரித்து, இத்தனை வாரத்துக்குள் முடிவெடுக்கவும்’ என்பதே வழக்கமாக வரும் உத்தரவு. அதன் சான்றிட்ட நகலை உடனே வாங்கி, அதே அலுவலரிடம் கொடுத்து ஒப்புகை பெறுங்கள். கெடு தாண்டியும் அசையவில்லை என்றால் நீதிமன்ற அவமதிப்பு மனு உண்டு. அதற்கு ஓராண்டுதான் அவகாசம். ‘அடுத்த மாதம் அளக்கிறோம்’ என்று அலுவலகத்தில் சொல்வதை நம்பி அந்த ஓராண்டைக் கடத்திவிடாதீர்கள்.