பேஸ்பாலில் தேர்ட் பேஸ்மேனை எதை வைத்து எடைபோடுவது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

எரர் குறைவாகச் செய்பவர்தானே நல்ல தேர்ட் பேஸ்மேன்? ஃபீல்டிங் சதவீதம் ஒன்று போதாதா?

போதாது. எனக்கு அதிகம் வரும் கேள்வி இதுதான் என்பதால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன். தேர்ட் பேஸ்மேன் என்பவர் மூன்றாம் பேஸ் பக்கம் வரும் பந்துகளைத் தடுப்பவர். எடுத்திருக்க வேண்டிய அவுட்டை அவர் கோட்டைவிட்டால் ஸ்கோரர் எழுதுவது எரர்.

புட்அவுட்டையும் (தானே முடித்த அவுட்) அசிஸ்ட்டையும் (பந்தை எறிந்து மற்றவர் அவுட் எடுக்க உதவியது) கூட்டி, எரரும் சேர்ந்த மொத்தத்தால் வகுத்தால் ஃபீல்டிங் சதவீதம் வரும். கைக்கு வந்த பந்தை ஒருவர் என்ன செய்தார் என்பதை அது சொல்லும். கைக்கு வராமல் போன பந்தைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. இரண்டடி தள்ளிப் போகும் பந்தை நின்ற இடத்திலிருந்தே பார்த்துக்கொண்டிருப்பவர் பெயரில் எரர் ஏறாது. ஸ்கோரர் அதை ஹிட் (பேட்டர் தன் அடியால் பேஸை எட்டியது) என்று எழுதிவிட்டு அடுத்த பந்துக்குப் போய்விடுவார். அதே பந்துக்குப் பாய்ந்து விழுந்து, தடுத்து, எழுந்து அவசரமாக எறிந்தவரின் பந்து முதல் பேஸைத் தாண்டிப் போனால் அவருக்கு எரர் விழலாம். முயன்றவருக்குத் தண்டனை, சும்மா நின்றவருக்கு நல்ல பெயர்!

ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பாருங்கள். இரண்டு பேர், இருவர் பக்கமும் ஒரே மாதிரியான 400 பந்துகள். முதலாமவர் 290 பந்தை எட்டுகிறார், 8 எரர், 282 அவுட். சதவீதம் .972. இரண்டாமவர் 325 பந்தை எட்டுகிறார், 18 எரர், 307 அவுட். சதவீதம் .945. சதவீதப் பட்டியலில் முதலாமவர் எங்கோ மேலே இருப்பார். ஆனால் அணிக்கு 25 அவுட் கூடுதலாக எடுத்துக் கொடுத்தவர் இரண்டாமவர். ஒரு ஹிட்டை அவுட்டாக மாற்றினால் சுமார் முக்கால் ரன் மிச்சம். அப்படியென்றால் கிட்டத்தட்ட 19 ரன். பத்து ரன்னுக்கு ஒரு வெற்றி என்பது பொதுவான கணக்கு. ஏறக்குறைய இரண்டு வெற்றிகளை ஒளித்து வைக்கும் எண்ணை நான் எப்படிப் பரிந்துரைப்பேன்?

அப்படியானால் ரேஞ்ச் ஃபேக்டர் சரியான வழியா?

சரியான திசை. பேஸ்பால் புள்ளிவிவர ஆய்வாளர் பில் ஜேம்ஸ் 1970-களில் முன்வைத்த அளவு இது: ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக எத்தனை புட்அவுட், அசிஸ்ட். எரரை விட்டுவிட்டு, எடுத்த அவுட்டை எண்ணச் சொன்னதே பெரிய மாற்றம்.

1971-ல் கிளீவ்லண்ட் அணிக்காக கிரெய்க் நெட்டில்ஸ் 412 அசிஸ்ட் எடுத்தார். ஒரே சீசனில் எந்தத் தேர்ட் பேஸ்மேனும் அதற்கு மேல் எடுத்ததில்லை. அந்த வருடம் சிறந்த ஃபீல்டருக்கான கோல்டு குளோவ் விருது போனது பால்டிமோர் அணியின் புரூக்ஸ் ராபின்சனுக்கு. நெட்டில்ஸுக்கு முதல் கோல்டு குளோவ் கிடைக்க 1977 வரை ஆயிற்று.

ஆனால் 412 என்பது வந்த பந்துகளில் எடுத்தது. எத்தனை வந்தன என்பது அதில் இல்லை. அணியில் இடக்கை பிட்சர்கள் (பந்தெறிபவர்கள்) நிறைய இருந்தால் எதிரணி வலக்கை பேட்டர்களை இறக்கும். வலக்கை பேட்டர் இழுத்து அடித்தால் பந்து மூன்றாம் பேஸ் பக்கம்தான் வரும். பிட்சர் தரையோடு அடிக்க வைப்பவரா, பந்து அடிபடாமலே ஸ்ட்ரைக்அவுட் எடுப்பவரா என்பதும் எண்ணை ஏற்றி இறக்கும். இதையெல்லாம் பார்க்காமல் ரேஞ்ச் ஃபேக்டரை மட்டும் வைத்து இரண்டு அணிகளின் ஆட்டக்காரர்களை ஒப்பிட வேண்டாம்.

புட்அவுட் அதிகமாக இருந்தால் நல்லதா?

பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தேர்ட் பேஸ்மேனின் புட்அவுட்டில் பெரும்பகுதி உயரே எழும்பி இறங்கும் பந்துகள், பேஸை மிதித்து எடுப்பவை, ஓடி வருபவரைத் தொட்டு எடுப்பவை. அவர் வேலையின் சாரம் அசிஸ்ட்டில்தான் இருக்கிறது.

டி.ஆர்.எஸ், யு.இசட்.ஆர், ஓ.ஏ.ஏ மூன்றும் ஒரே ஆளுக்கு மூன்று விதமாகச் சொல்கின்றன. எதை நம்புவது?

மூன்றும் ஃபீல்டிங்கைச் சராசரியோடு ஒப்பிடும் அளவுகள்; முதல் இரண்டும் தடுத்த ரன்னில் சொல்லும், ஓ.ஏ.ஏ கூடுதலாக எடுத்த அவுட்டில் சொல்லும். மூன்றும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இந்தப் பந்தைச் சராசரி ஆட்டக்காரர் எடுத்திருப்பாரா? பதில் தேடும் வழிதான் வேறு. முதல் இரண்டும் பந்து எந்த இடத்தில், எவ்வளவு வேகத்தில் போனது என்று வீடியோ பார்த்துக் குறித்த தகவலிலிருந்து வளர்ந்தவை. ஓ.ஏ.ஏ, பந்தையும் ஆட்டக்காரர்களையும் பின்தொடரும் ஸ்டாட்காஸ்ட் கருவிகளின் தகவலில் ஓடுகிறது. ஆட்டக்காரர் எங்கே நின்றிருந்தார், பந்தை மறிக்க எவ்வளவு தூரம் போக வேண்டும், அதற்கு எவ்வளவு நேரம், அங்கிருந்து பேஸ் எவ்வளவு தூரம், ஓடுபவர் எவ்வளவு வேகம் என்று பார்க்கிறது. இன்ஃபீல்டுக்கான (பேஸ்களை ஒட்டி நிற்பவர்களுக்கான) ஓ.ஏ.ஏ 2020 தொடக்கத்தில் வெளிவந்தது.

நின்ற இடம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு 2012-ன் தேர்ட் பேஸ்மேன் பிரெட் லாரியை விடச் சிறந்த பாடம் கிடையாது. டொரோண்டோ அணி, இழுத்து அடிக்கும் இடக்கை பேட்டர்கள் வரும்போது அவரை மூன்றாம் பேஸிலிருந்து கிளப்பி வலது பக்கப் புல்வெளியின் முன்பகுதியில் நிறுத்தியது. அங்கே வந்த பந்தை அவர் பிடித்ததும், 'தேர்ட் பேஸ்மேன் இவ்வளவு தூரம் வந்து எடுத்துவிட்டாரே' என்று டி.ஆர்.எஸ் அவர் கணக்கில் ரன்னை ஏற்றியது. லாரி நல்ல ஃபீல்டர்தான், ஆனால் அந்த எண்ணில் ஒரு பங்கு அவரை அங்கே நிறுத்தியவர்களுக்குச் சேர வேண்டியது. பிறகு அந்தக் கணக்கையே திருத்தினார்கள். 2023-லிருந்து இரண்டாம் பேஸுக்கு இரு பக்கமும் இரண்டிரண்டு இன்ஃபீல்டர் நிற்க வேண்டும் என்று விதி வந்துவிட்டதால் இந்தக் குழப்பம் வெகுவாகக் குறைந்திருக்கிறது.

நான் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன். மூன்றும் ஒத்துப்போனால் நிம்மதி. ஒன்று மட்டும் விலகினால் அந்த ஆட்டக்காரரின் ஆட்டங்களை எடுத்துப் போட்டுப் பார்க்க உட்கார்ந்துவிடுவேன்.

ஒரு சீசன் எண்ணை வைத்து முடிவு சொல்லலாமா?

அவசரம் வேண்டாம். வரும் பந்துகளில் பெரும்பாலானவற்றை எந்தத் தேர்ட் பேஸ்மேனும் எடுப்பார். ஆளுக்கு ஆள் வித்தியாசம் தெரிவது சில டஜன் கடினமான பந்துகளில்தான். அதில் நாலு பந்து இப்படியோ அப்படியோ போனால் எண் தலைகீழாகிவிடும். மூன்று வருடத்தைச் சேர்த்துப் பாருங்கள்.

கோல்டு குளோவ் விருதை ஆதாரமாக எடுத்துக்கொள்ளலாமா?

2013-க்குப் பிறகு ஓரளவு எடுத்துக்கொள்ளலாம், அன்றிலிருந்து தேர்வில் சுமார் கால் பங்கு புள்ளிவிவரத்துக்குப் போகிறது. அதற்கு முன்பு கவனம் தேவை. 1999-ல் ரஃபேல் பல்மேரோ வெறும் 28 ஆட்டம் முதல் பேஸில் நின்றுவிட்டு அந்த இடத்துக்கான கோல்டு குளோவை வாங்கினார். தேர்ட் பேஸ்மேன் நோலன் அரனாடோ 2013 முதல் 2022 வரை பத்து வருடம் தொடர்ந்து வாங்கியதை எண்களும் பெரும்பாலும் ஆதரிக்கின்றன.

புரூக்ஸ் ராபின்சன் காலத்தில் இந்தக் கருவிகள் இல்லையே. அவர் பெருமையெல்லாம் ரசிகர் அன்புதானா?

இல்லை, உறுதியாக இல்லை. பழைய ஆட்டங்களின் பந்துக்குப் பந்து குறிப்புகளிலிருந்து கணக்கிடும் டோட்டல் ஜோன் என்ற அளவு இருக்கிறது. அதன்படி சராசரித் தேர்ட் பேஸ்மேனை விட அவர் வாழ்நாளில் ஏறத்தாழ 290 ரன் கூடுதலாகத் தடுத்திருக்கிறார். அந்த இடத்தில் அதற்கு மேல் யாருமில்லை. 1960 முதல் 1975 வரை தொடர்ந்து 16 கோல்டு குளோவ்.

1970 வேர்ல்ட் சீரிஸின் (சாம்பியனைத் தீர்மானிக்கும் இறுதித் தொடர்) முதல் ஆட்டத்தைத் தேடிப் பாருங்கள். ஆறாவது இன்னிங்ஸ், ஸ்கோர் 3-3. எதிரணியின் லீ மே அடித்த பந்து கோட்டை ஒட்டிச் செயற்கைப் புல்லில் சீறிக்கொண்டு வருகிறது. ராபின்சன் பேஸுக்குப் பின்னால் கையுறையைக் குறுக்கே நீட்டிப் பிடிக்கிறார். ஓடிய வேகம் அவரைக் கோட்டுக்கு வெளியே இழுத்துக்கொண்டு போகிறது. அங்கிருந்து உடலைத் திருப்பி எறிய, பந்து ஒரே ஒரு முறை தரையில் பட்டு முதல் பேஸ்மேன் பூக் பவலின் கையில் போய் விழுகிறது. அவுட். தப்பியிருந்தால் அது டபுள், அதாவது பேட்டர் இரண்டாம் பேஸ் வரை போயிருப்பார். அதே ஆட்டத்தில் அவர் பெயரில் ஓர் எரரும் இருக்கிறது.

எங்கள் சின்ன லீகில் நான் ஸ்கோர் எழுதுகிறேன். கேமரா எதுவும் கிடையாது. என்ன குறிக்கலாம்?

ஸ்கோர்ஷீட்டின் ஓரத்தில் மைதானத்தின் சிறு படம் வரைந்துகொள்ளுங்கள். மூன்றாம் பேஸ் கோட்டுக்கும் ஷார்ட்ஸ்டாப்புக்கும் (இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு நடுவே நிற்பவர்) இடையே போகும் ஒவ்வொரு தரைப்பந்துக்கும் ஒரு புள்ளி: எடுத்தால் நிரப்பிய வட்டம், எட்டாமல் போனால் வெறும் வட்டம், எட்டியும் அவுட் ஆகாவிட்டால் பெருக்கல் குறி. பன்ட்டுக்கு (மட்டையை வீசாமல் பந்தை மெதுவாகத் தட்டிவிடுவது) தனி எழுத்து, ஏனென்றால் முன்னால் ஓடி வந்து வெறுங்கையால் அள்ளி எறிவது வேறு திறமை. எறிந்த பந்து தாழ்ந்து வந்து முதல் பேஸ்மேன் தோண்டி எடுத்துக் காப்பாற்றினால் அதையும் குறியுங்கள், அந்த அவுட்டில் பாதி அவருடையது. பந்து அடிபடும் முன்பு தேர்ட் பேஸ்மேன் எங்கே நின்றார் என்று ஒரு சின்னக் கோடு போட மறக்காதீர்கள். சீசன் பாதியில் வெறும் வட்டங்கள் எந்தப் பக்கம் குவிந்திருக்கின்றன என்று பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.