அந்த ஏழெட்டு அழைப்பில் என்ன கேட்டார்கள்?

கேள்வி: நான் நிலாவெளியில் ஒரு ஹோட்டலில் 11 வருடமாக ஸ்டோர் கீப்பர். வயது 41. எனக்குப் பின்னால் வந்தவர்களெல்லாம் சூப்பர்வைசர், அசிஸ்டன்ட் மனேஜர் என்று போய்விட்டார்கள். கனடாவில் இருக்கும் அக்காவின் மகன் காசு கட்டி, நம்முடைய பலம் எது என்று காட்டும் ஒரு இணையச் சோதனையை என்னைச் செய்ய வைத்தான். பொறுப்புணர்வு, இணக்கம் என்று ஐந்து சொற்கள் வந்தன. அவற்றை வைத்து என்ன செய்வது? எனக்கு ஆங்கிலம் பேசவும் வராது. வேலையில் நிம்மதியும் இல்லை. ஆடி அமாவாசைக்கு, அப்பாவுக்காக ஒருநாள் லீவு எடுத்தேன். கடற்கரையில் நிற்கும்போதே ஏழெட்டுத் தடவை போன் அடித்துவிட்டார்கள். உதவிக்குத் தந்திருக்கிற பொடியனுக்கு ஒன்றும் தெரியாது. மனைவி இருக்கிற வேலையோடு இருக்கச் சொல்கிறாள். மகள் அடுத்த வருடம் ஓ.எல். எழுதுகிறாள். கட்டாருக்குப் போகலாமா என்றும் யோசிக்கிறேன். உண்மையில் எனக்கு ஏதாவது பலம் இருக்கிறதா?
- வாசகர், திருகோணமலை

பதில்: தம்பி, எல்லோருக்கும் ஏதோ ஒரு திறமை உண்டு, மனம் தளராதீர்கள் என்று நான் எழுதுவேன் என எதிர்பார்த்திருப்பீர்கள். இந்தக் கேள்வியோடு வருகிற கடிதங்களை நிறையப் படித்துவிட்டேன், அந்த ஆறுதலை எழுதிக் கை ஓய்ந்துவிட்டது. உங்கள் கடிதத்தில் எனக்கு ஒரே ஒரு வரி போதும். ஆடி அமாவாசையன்று வந்த அந்த ஏழெட்டு அழைப்பு.

என்ன கேட்டார்கள்? அதை நீங்கள் எழுதவில்லை. தொந்தரவு என்று மட்டும் எழுதிவிட்டு அடுத்த குறைக்குப் போய்விட்டீர்கள். சரி, நானே ஊகிக்கிறேன். ஆடி அமாவாசை வருவது நம் கரையில் சீசன் உச்சத்தில் இருக்கும் நாட்களில். அறைகள் நிறைந்திருக்கும். தம்புள்ளையிலிருந்து மரக்கறி லொறி வந்து நின்றிருக்கும், எடை குறைகிறது, இறக்குவதா திருப்பி அனுப்புவதா என்று ஒரு அழைப்பு. மூதூர்த் தயிர் எத்தனை சட்டி எடுப்பது என்று இன்னொன்று. குச்சவெளியிலிருந்து மீன் கொண்டுவருகிறவர் கேட்கும் விலை சரியா என்று ஒன்று. ஜெனரேட்டருக்கு டீசல் எங்கே, படுக்கை விரிப்புக் கட்டு எந்த அறையில், குளிர் அறைச் சாவி யாரிடம். இரண்டு கிழமையில் பௌர்ணமிப் போயா வருகிறது, அன்றைக்கு இறைச்சிக் கடையும் மதுக்கடையும் பூட்டு, அதற்கு முன்னால் எவ்வளவு எடுத்து வைக்க வேண்டும்.

இதில் பாதியாவது சரியாக இருக்குமே? நீங்கள் கடற்கரையில் ஈர வேட்டியோடு நின்று, ஸ்டோரைக் கண்ணால் பார்க்காமல், எல்லாவற்றுக்கும் பதில் சொல்லியிருப்பீர்கள். சொன்ன பதிலும் பிழைத்திருக்காது. பிழைத்திருந்தால் அடுத்த நாள் நடந்ததையும் கடிதத்தில் எழுதியிருப்பீர்கள். கனடாவிலிருந்து காசு கட்டித் தேடிய சாமான் அன்றைக்கே உங்கள் கையில் அடித்துக்கொண்டிருந்தது, எரிச்சலோடு எடுத்துப் பேசியிருக்கிறீர்கள்.

இன்னும் ஒன்று கேட்கிறேன். 2022 இல் காஸ் சிலிண்டருக்கும் டீசலுக்கும் நாடே வரிசையில் நின்றதே, அப்போது உங்கள் ஹோட்டல் அடுப்பு அணைந்ததா? அணையவில்லை என்றால் அது யாருடைய வேலை? அசிஸ்டன்ட் மனேஜராகப் போனவர்களுடையதா?

இவ்வளவும் சொன்னதற்காகத் தட்டிக்கொடுத்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். திட்டு இனிமேல்தான்.

ஒரு மனிதன் ஒருநாள் வராவிட்டால் எட்டுக் கேள்வி தொங்குகிறது என்றால், அந்தப் பதிலெல்லாம் அவன் தலைக்குள் மட்டும் இருக்கிறது என்று அர்த்தம். உங்கள் தட்டுகளில், வந்தது போனது மிச்சம் எல்லாம் எழுதும் பின் கார்ட் (bin card) ஒழுங்காகத் தொங்கினால், எந்தச் சாமான் எந்த அறையில் என்று ஒரு தாள் கதவில் ஒட்டியிருந்தால், மீன்காரரோடு பேசிய விலை ஒரு கொப்பியில் இருந்தால், அந்த எட்டில் ஐந்து அழைப்பு வந்தே இருக்காது. 11 வருடத்தில் அதை ஏன் செய்யவில்லை? நேரமில்லை என்று சொல்லாதீர்கள். ஒக்டோபரில் வாடை மழை பிடித்தால் தை முடியும்வரை உங்கள் பக்கத்து ஹோட்டல்களில் ஆளே இருக்காது. நானில்லாமல் இவர்களால் முடியாது என்பதில் உங்களுக்கு உள்ளூர ஒரு சந்தோஷம் இருக்கிறது. நான் சொல்வது பிழை என்றால் மனைவியிடம் கேளுங்கள், அவர் சொல்லுவார்.

இப்போது மனேஜரின் கதிரையில் இருந்து பாருங்கள். ஒருநாள் நீங்கள் இல்லாமலே ஸ்டோர் திண்டாடுகிறது. உங்களை அங்கிருந்து எழுப்பி இன்னொரு பதவியில் உட்கார வைக்க அவருக்கு என்ன பைத்தியமா? உங்களுக்குப் பின்னால் வந்தவர்கள் மேலே போனதற்கு ஆங்கிலம் ஒரு காரணமாக இருக்கலாம். அவர்களுடைய இடத்துக்கு வேறு ஆள் போட முடிந்தது என்பதும் ஒரு காரணம்.

அப்புறம் அந்தப் பொடியன். "அவனுக்கு ஒன்றும் தெரியாது" என்று எழுதியிருக்கிறீர்கள். கடிதத்தில் எனக்குக் கோபம் வந்த இடம் இதுதான். அவனுக்குத் தெரியாதது யாருடைய குற்றம்? நீங்கள் அந்த வேலையில் சேர்ந்த முதல் கிழமை உங்களுக்கு என்ன தெரிந்திருந்தது? யாரோ ஒருவர் பக்கத்தில் நிற்க வைத்து, அரிசி மூட்டையைத் தட்டிப் பார்க்கவும், முதல் வந்த மூட்டை முதலில் வெளியே போக வேண்டும் என்றும் காட்டித் தந்திருப்பார். அந்தக் கடன் இன்னும் தீரவில்லை. வாங்கிய தொழிலை அடுத்தவனுக்குக் கொடுக்காமல் கட்டிப் பிடித்துக்கொண்டிருப்பது களவுக்குச் சமம் என்பது என் கட்சி, யாரும் கோபித்தாலும் பரவாயில்லை. அவனும் யாரோ ஒரு தாயின் பிள்ளை. அவன் சம்பளத்தை நம்பியும் ஒரு வீட்டில் அடுப்பு எரியும்.

தகப்பனுக்குக் கடன் செய்யப் போன இடத்தில் தயிர்க் கணக்குச் சொல்ல வேண்டி வந்ததும் இதனால்தான். ஹோட்டல்காரரைக் குறை சொல்கிறீர்கள். வருடத்தில் ஒருநாள் பிதிருக்கு என்று ஒதுக்கிய மனிதன், முதல்நாளே பொடியனைக் கூப்பிட்டு அரைமணி நேரம் விளங்கப்படுத்திவிட்டு, போனை வீட்டில் வைத்துவிட்டுப் போயிருக்கலாம்.

அந்தச் சோதனையைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு இல்லை. அப்படியான சோதனைகள் பல உண்டு. அமெரிக்காவின் காலப் நிறுவனத்தினுடையது 34 தலைப்புகளில் எது உங்களிடம் ஓங்கி நிற்கிறது என்று சொல்லும். பிழையான சாமான் அல்ல. ஆனால் நீங்கள் உங்களைப் பற்றிச் சொன்ன பதில்களைத்தான் அது அடுக்கித் திருப்பித் தருகிறது. உங்களைத் தேடிப் போன் எடுத்தவர்களை அது கேட்கவில்லை. நீங்கள் கேளுங்கள். குசினியில் தலைமைச் சமையல்காரரிடம் போய், "அன்றைக்கு என்னத்துக்கு எடுத்தீங்க?" என்று நேராகக் கேட்டு, ஒவ்வொன்றையும் எழுதுங்கள். அடுத்த லீவிலும் அப்படியே. இரண்டு மூன்று தடவையில் ஒரே மாதிரியான கேள்விகள் திரும்பத் திரும்ப வரும். எது எவ்வளவு தேவைப்படும் என்று முன்கூட்டிக் கணிப்பதா, விலை பேசுவதா, தரம் பார்ப்பதா, எதற்கு உங்களைத் தேடுகிறார்கள் என்று அப்போது தெரியும். எனக்குப் படுவது முதலாவதுதான், ஆனால் நான் உங்கள் ஸ்டோரைப் பார்த்தவள் அல்ல.

முகாமைத்துவம் பற்றி நிறைய எழுதிய பீட்டர் டிரக்கர் ஒரு வழி சொன்னார். முக்கியமான ஒரு முடிவை எடுக்கும்போது என்ன நடக்கும் என்று எதிர்பார்க்கிறீர்களோ அதை எழுதி வையுங்கள், 9 முதல் 12 மாதம் கழித்து நடந்ததோடு ஒப்பிட்டுப் பாருங்கள் என்றார். உங்களுக்கு இதைவிடச் சுலபமான வேலை இல்லை. சித்திரை வருடப்பிறப்பு முடிந்ததும், வருகிற சீசனுக்கு அரிசி, எண்ணெய், மா, காஸ், கோழி எவ்வளவு போகும் என்று உங்கள் கணிப்பை ஒரு கொப்பியில் திகதி போட்டு எழுதுங்கள். சீசன் முடிந்ததும் பக்கத்தில் உண்மைக் கணக்கை எழுதுங்கள். எங்கே ஒட்டிப் போயிருக்கிறது, எங்கே விலகியிருக்கிறது, எவ்வளவு பழுதாகி வீசப்பட்டது. அந்தக் கொப்பியோடு மனேஜரிடம் போங்கள், பக்கத்தில் பொடியனையும் கூட்டிக்கொண்டு. கொள்வனவுப் பொறுப்பைத் தாருங்கள், ஸ்டோரை இவன் பார்ப்பான் என்று சொல்லுங்கள். இதை நீங்கள் சொல்லாமல் அவராக நினைக்க மாட்டார்.

கட்டார் வேண்டாம். மகள் ஓ.எல். எழுதும் வருடம் தகப்பன் வீட்டில் இருக்க வேண்டும். வறுமை துரத்தினால் வேறு கதை, உங்களைத் துரத்துவது மனத்தாங்கல். மனைவி சொல்வதும் பாதிதான் சரி. இடத்தில் இருங்கள், இருந்த மாதிரியே இருக்க வேண்டாம்.

சான்றிதழ் இல்லை என்று யாராவது மூக்கை நுழைத்தால், நைட்டாவில், அதாவது அரசின் தொழிற்பயிற்சி அதிகார சபையில், போய் விசாரியுங்கள். வகுப்புக்குப் போகாமலே, செய்து பழகிய தொழிலைப் பரிசோதித்து என்.வி.கியூ. என்ற தேசியத் தொழில் தகைமைச் சான்றிதழ் தரும் முறை அவர்களிடம் உண்டு. உங்கள் தொழிலுக்கு எந்த மட்டம் கிடைக்கும் என்று கேளுங்கள். சேவைக் கடிதங்களையும் பழைய ஸ்டொக் புத்தகங்களையும் கையோடு கொண்டுபோங்கள்.

ஆங்கிலம் பேச வராது என்கிறீர்கள். ஆனால் இன்வொய்ஸ், ஓடர் புத்தகம், மருந்துப் போத்தலின் லேபல் எல்லாம் 11 வருடமாக ஆங்கிலத்தில்தான் வாசிக்கிறீர்கள். எழுத்துத் தெரிந்தவருக்குப் பேச்சுத்தான் பாக்கி. மகளிடம் பின்னேரம் அரைமணி நேரம் கேட்டு வாங்குங்கள். அவளுக்கும் பரீட்சைக்கு உதவும். பிள்ளையிடம் படிக்க வெட்கமாக இருந்தால், அந்த வெட்கம் போகும்வரை எனக்கு அடுத்த கடிதம் எழுத வேண்டாம்.