தலைப்பிரசவத்துக்கு அமெரிக்கா போக இரண்டு டிக்கெட் போட்டு வைக்கலாமா?

கேள்வி: எங்களுக்கு தேவகோட்டை. மகள் நியூ ஜெர்சியில் இருக்கிறாள். தலைப்பிரசவம், ஏப்ரல் 18 என்று டாக்டர் நாள் கொடுத்திருக்கிறார். வீட்டில் என் மாமியார் இருக்கிறார், வயது 84. நடமாட்டம் குறைந்துவிட்டது, அடிக்கடி ஆஸ்பத்திரி. அதனால் நான் எப்போது கிளம்ப முடியும், எப்போது திரும்ப வேண்டியிருக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. மாப்பிள்ளையின் நண்பர் ஒரு யோசனை சொன்னார். ஒரே விமான நிறுவனத்தில் இரண்டு டிக்கெட் போட வேண்டும். ஒன்று பிப்ரவரி 25 போய் மே 25 திரும்புவது, மற்றது மார்ச் 20 போய் ஆகஸ்ட் 10 திரும்புவது. வேண்டாததை ரத்து செய்துகொள்ளலாம், தேவைப்பட்டால் முதல் டிக்கெட்டில் போய் இரண்டாவதில் திரும்பவும் செய்யலாம் என்கிறார். காரைக்குடி ஏஜென்ட்டிடம் விசாரித்தோம். ஒவ்வொன்றும் ரூ.1,15,000, ரத்து செய்தால் ரூ.25,000 பிடித்துக்கொள்வார்களாம். கிரெடிட் கார்டில் போட்டுவிட்டு இரண்டு மாதத்தில் ஒன்றை ரத்து செய்வதாகத் திட்டம். செய்யலாமா? குழந்தை பிறந்த பிறகு என் கணவரும் வந்து ஒரு மாதம் இருக்க விரும்புகிறார். அவருக்கும் இப்போதே போட்டுவிடலாமா?
வாசகி, தேவகோட்டை

பதில்: ஆச்சி, இந்த இரட்டை டிக்கெட் யோசனை வேண்டாம். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது நம் பக்கத்து வழக்கம். மகள் அங்கே இருந்துவிட்டால் தாய்தான் விமானம் ஏறிப் போக வேண்டியிருக்கிறது. அந்த நேரத்தில் நீங்கள் பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. அதற்காகத்தான் சொல்கிறேன், நண்பர் காட்டிய வழியில் பணமும் போகும், நீங்கள் நம்பியிருக்கும் இடமும் போகும்.

முதலில், ஒரு டிக்கெட்டில் போய் இன்னொன்றில் திரும்பலாம் என்ற பேச்சைப் பார்ப்போம். பெரிய நஷ்டம் அதில்தான் இருக்கிறது. போக வர எடுக்கும் டிக்கெட்டை விமான நிறுவனம் ஒரே ஒப்பந்தமாகத்தான் பார்க்கும். அதில் உள்ள பயணங்களை வரிசை மாறாமல் செய்தாக வேண்டும். நீங்கள் பிப்ரவரியிலேயே போய்விட்டீர்கள் என்று வையுங்கள். மார்ச் 20 அன்று சென்னையில் உங்கள் பெயருக்கு ஆள் ஏறவில்லை. கணினியில் 'நோ-ஷோ' என்று விழும். அதோடு அந்த டிக்கெட்டில் மிச்சமுள்ள எல்லாப் பயணமும் ரத்தாகும், ஆகஸ்ட் 10 திரும்பும் இடம் உட்பட. இது உங்களுக்குத் தெரியாமலே நடந்துவிடக்கூடும். ஆகஸ்ட்டில் நியூயார்க் கவுன்டரில் நின்று 'என்னிடம் டிக்கெட் இருக்கிறதே' என்று சொல்லிப் பயனில்லை. அன்றைய விலையில் புது டிக்கெட் எடுக்க வேண்டிவரும்.

அடுத்தது, ஒரே நிறுவனம், ஒரே பெயர், ஒன்றன்மேல் ஒன்று விழும் தேதிகள். மார்ச் 20 அன்று முதல் டிக்கெட்டின்படி நீங்கள் அமெரிக்காவில் இருக்கிறீர்கள், இரண்டாவதின்படி சென்னையில் விமானம் ஏறுகிறீர்கள். ஒரே ஆள் செய்ய முடியாத இப்படிப்பட்ட பயணங்களைத் தேடிப் பிடிப்பதற்கென்றே நிறுவனங்களின் முன்பதிவுக் கணினியில் சோதனைகள் ஓடுகின்றன. இடத்தை வீணாகப் பிடித்து வைப்பதாகக் கருதி, இரட்டைப் பதிவை ரத்து செய்யும் உரிமையைப் பல நிறுவனங்கள் தங்கள் நிபந்தனையிலேயே எழுதி வைத்திருக்கின்றன. இரண்டில் எதை ரத்து செய்வார்கள் என்பது உங்கள் கையில் இல்லை. அறிவிப்பு மின்னஞ்சலும் பல சமயம் ஏஜென்ட் பெட்டிக்குப் போய்க் கிடக்கும்.

இனி பணக் கணக்கு. சும்மா கிடக்கும் காசுக்கும் வட்டி பார்க்கும் ஊர் நம்முடையது, இதையும் அப்படியே பாருங்கள். ரத்துக் கட்டணம் ரூ.25,000 நிச்சயம் போகிறது. பயன்படாத டிக்கெட்டின் ரூ.1,15,000 இரண்டு மாதம் கார்டு பாக்கியாக நின்றால், மாதம் 3.5 சதவீத வட்டி என்று வைத்துக்கொண்டாலே ரூ.4,025. வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி ரூ.725. ஆக மாதம் ரூ.4,750, இரண்டு மாதத்துக்கு ரூ.9,500. மொத்தம் ரூ.34,500. ஏஜென்ட்டின் சேவைக் கட்டணம் தனி. பாக்கி நிற்கும்வரை அந்தக் கார்டில் வாங்கும் மளிகைக்கும் மருந்துக்கும்கூட வட்டியில்லாத நாட்கள் கிடைக்காது. அதையும் பலர் கணக்கில் சேர்ப்பதில்லை.

சரி, என்ன செய்யலாம்?

உங்களுக்கு எது நிச்சயம், எது சந்தேகம் என்று பிரித்துப் பாருங்கள். போகும் தேதியில் நீங்கள் நினைக்கிற அளவு குழப்பம் இல்லை. ஏப்ரல் 18 என்பது 40 வாரக் கணக்கு. 37 வாரம் நிறைவது மார்ச் 28. அதற்கு முன்னால் பிறந்தால்தான் குறைப்பிரசவம். மார்ச் 20 கிளம்பினால் அதற்கு ஒரு வாரம் முன்பே மகள் பக்கத்தில் இருப்பீர்கள். பிப்ரவரி 25 போக வேண்டும் என்று டாக்டர் சொல்லாதவரை அந்தத் தேதிக்குத் தேவையே இல்லை. உண்மையான சந்தேகம் திரும்பும் தேதியில் இருக்கிறது, அதுவும் மாமியார் உடம்பைப் பொறுத்து.

ஆகவே ஒரே டிக்கெட். மார்ச் 20 போவது, திரும்புவதற்கு உங்கள் மனசுக்கு அதிகம் சாத்தியம் என்று படும் ஒரு தேதி. ஆனால் மலிவான கட்டண வகையில் எடுக்காதீர்கள். தேதி மாற்றக் கட்டணம் இல்லாத வகையில் எடுங்கள். ஒரே விமானத்தில் ஒரே மாதிரி இருக்கையையே மூன்று நான்கு விலையில் விற்கிறார்கள், விலை கூடக்கூட நிபந்தனை தளரும். அதற்கு ரூ.15,000 கூடுதலாகக் கொடுத்தாலும், மேலே போட்ட ரூ.34,500-ல் பாதிகூட இல்லை.

இப்படி எடுத்த டிக்கெட்டின் திரும்பும் பாதிதான் உங்களுடைய அவசர டிக்கெட்டும். மே மாதம் ஒரு இரவு வீட்டிலிருந்து போன் வருகிறது, மாமியாருக்கு முடியவில்லை. நீங்கள் ஏற்கனவே போகும் பயணத்தை முடித்திருக்கிறீர்கள், டிக்கெட் உயிரோடு இருக்கிறது. மாப்பிள்ளை நிறுவனத்துக்குப் போன் போட்டு மறுநாளைக்கு மாற்றச் சொல்லலாம். மாற்றக் கட்டணம் இல்லை என்றாலும் கட்டண வித்தியாசம் உண்டு. உங்கள் வகையில் அன்று இடம் இல்லாமல் விலை கூடிய வகையில்தான் இருந்தால் அந்த வித்தியாசத்தைக் கட்ட வேண்டும். ஜூனில் அமெரிக்கப் பள்ளிகள் மூடியதும் இந்தியா வரும் குடும்பங்கள் கூட்டமாகக் கிளம்பும், வித்தியாசம் அப்போது அதிகமாக இருக்கும். மே கடைசியில் திரும்பாவிட்டால் ஜூனுக்குத் தள்ளாமல் ஆகஸ்ட்டுக்கே தள்ளுங்கள்.

காரைக்குடி ஏஜென்ட்டிடம் போகும்போது ஒரு காரியம் செய்யுங்கள். 'மாத்திக்கலாம், ஒண்ணும் பிரச்சனை இல்லை' என்ற வாய்வார்த்தையோடு எழுந்து வந்துவிடாதீர்கள். அவர் திரையில் ஒவ்வொரு கட்டணத்துக்கும் விதிகள் பிரிவு பிரிவாக வரும். 16-ஆம் பிரிவு அபராதம் பற்றியது. அதைத் திறக்கச் சொல்லுங்கள். புறப்படுவதற்கு முன் மாற்றினால் எவ்வளவு, ரத்து செய்தால் எவ்வளவு, புறப்பட்ட பிறகு திரும்பும் தேதியை மாற்றினால் எவ்வளவு, நோ-ஷோ ஆனால் எவ்வளவு என்று தனித்தனியாக இருக்கும். உங்களுக்கு முக்கியம் புறப்பட்ட பிறகு மாற்றுவது. புறப்படுமுன் இலவசம், பிறகு கட்டணம் என்று போட்டிருக்கும் கட்டணங்களும் உண்டு. அந்தப் பக்கத்தை அச்செடுத்து டிக்கெட்டோடு வைத்துக்கொள்ளுங்கள். போன் எண், மின்னஞ்சல் இரண்டும் பிஎன்ஆரில், அதாவது உங்கள் முன்பதிவுப் பதிவில், உங்களுடையதாக இருக்கட்டும்.

இன்னொரு வழியும் இருக்கிறது. டிக்கெட்டை மாப்பிள்ளையே அங்கிருந்து, விமான நிறுவனத்தின் அமெரிக்கத் தளத்திலேயே நேரடியாக வாங்கலாம். புறப்பட ஏழு நாளாவது இருக்கும்போது வாங்கினால், 24 மணி நேரம் பணம் கட்டாமல் விலையைப் பிடித்து வைக்கவோ, அல்லது வாங்கிய 24 மணி நேரத்துக்குள் அபராதமின்றி ரத்து செய்யவோ, இரண்டில் ஒன்றை நிறுவனம் தர வேண்டும் என்பது அமெரிக்கப் போக்குவரத்துத் துறை விதி. இடைத்தரகுத் தளங்களில் வாங்கினால் இந்தப் பாதுகாப்பை நம்ப முடியாது. இரண்டு தேதிக்கு இடையே அண்ணன் தம்பியிடம் கேட்டு முடிவு செய்ய ஒரு நாள் போதும் என்றால், இந்த அவகாசம் உதவும். இந்திய விமான நிறுவனங்களைப் பொறுத்தவரை, ரத்துக் கட்டணம் அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகையைத் தாண்டக் கூடாது, திரும்பத் தராத டிக்கெட்டானாலும் விமான நிலையக் கட்டணத்தையும் அரசு வரியையும் திருப்பித் தர வேண்டும் என்று டிஜிசிஏ (மத்திய அரசின் விமானப் போக்குவரத்து இயக்குநரகம்) விதி இருக்கிறது. வெளிநாட்டு நிறுவனங்கள் தங்கள் நாட்டு விதிப்படிதான் திருப்பித் தரும். எனவே வளைகுடா வழி போகும் டிக்கெட்டில் இந்த விதியை நம்பி உட்கார வேண்டாம்.

இரண்டாவது டிக்கெட் ஒன்று கையில் இருந்தால்தான் மனசு ஆறும் என்றால், அதற்கும் ஒரே ஒரு இடத்தில் சம்மதிப்பேன். மாப்பிள்ளையிடம் கிரெடிட் கார்டு பாயின்ட்டோ, விமானத்தில் போகப் போக நிறுவனம் கணக்கில் போடும் 'மைல்' புள்ளிகளோ சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். அமெரிக்க நிறுவனங்கள் பலவும் மைல்களில் எடுத்த டிக்கெட்டைப் புறப்படுமுன் ரத்து செய்தால், மைல்களைக் கட்டணமின்றிக் கணக்கிலேயே திரும்பப் போடுகின்றன. அப்படி எடுக்கும் ஒருவழி டிக்கெட் வேறொரு நிறுவனத்தில் இருக்க வேண்டும், தனி பிஎன்ஆர் ஆக இருக்க வேண்டும். எந்தத் தேதிக்குள் ரத்து செய்ய வேண்டும் என்று மாப்பிள்ளையின் போனில் நினைவூட்டல் வைத்துவிட வேண்டும். இறங்கியதும் குடியேற்ற அதிகாரி எவ்வளவு நாள் தங்குவீர்கள் என்று கேட்பார். உங்கள் பதில் ஒன்றாகவே இருக்கட்டும். வருகையாளர் விசாவில் பெரும்பாலும் ஆறு மாதம் தங்க அனுமதி தருவார்கள், ஆனால் அவர் பதியும் தேதிதான் கணக்கு. திரும்பும் நாளை எப்படி மாற்றினாலும் அதைத் தாண்டக் கூடாது.

நான் உங்களிடம் அழுத்திச் சொல்ல விரும்புவது வேறு. உங்கள் கேள்வியைப் படித்தால், டிக்கெட்டைவிட மாமியாரைப் பற்றிய கவலைதான் பெரிதாகத் தெரிகிறது. ரூ.34,500-ஐ விமான நிறுவனத்துக்கும் வங்கிக்கும் கொடுப்பதைவிட, நீங்கள் இல்லாத மாதங்களில் அவரைப் பார்த்துக்கொள்ள நம்பகமான ஒரு பெண்ணை அமர்த்தும் செலவில் போடுங்கள். மார்ச்சில் நீங்கள் கிளம்புவதற்குச் சில வாரம் முன்பே அவர் வேலைக்கு வந்துவிடட்டும். மாமியாருக்கு எந்த மாத்திரை எப்போது, தூக்கி உட்கார வைப்பது எப்படி, எதைச் சாப்பிட்டால் நெஞ்சில் அடைக்கிறது என்பதெல்லாம் நீங்கள் கூட இருந்து சொல்லிக்கொடுத்தால்தான் வரும். நாத்தனாரோ கொழுந்தனாரோ அருகில் இருந்தால், யார் எந்த மாதம் வந்து தங்குவது என்று இப்போதே பேசி முடித்துவிடுங்கள். இது சரியாக அமைந்தால் திரும்பும் தேதியின் சந்தேகம் பாதி குறையும். தனியாக ரூ.1,50,000 எப்போது வேண்டுமானாலும் எடுக்கும்படி வைப்பு நிதியில் கிடக்கட்டும், கட்டண வித்தியாசமோ ஆஸ்பத்திரிச் செலவோ வந்தால் அதிலிருந்து எடுக்கலாம்.

பயணக் காப்பீடு இந்தச் சிக்கலைத் தீர்க்கும் என்று யாராவது சொன்னால் பாலிசியைப் படித்துப் பாருங்கள். மனம் மாறியதற்குப் பணம் வராது. குடும்பத்தாரின் நோய்க்காக ரத்து செய்தால் தரும் பாலிசிகளிலும், முன்பே இருக்கும் நோயை விலக்கியிருப்பார்கள். உங்கள் மாமியார் விஷயம் அதில்தான் மாட்டும். ஆனால் அமெரிக்காவில் உங்கள் உடம்புக்கு வேண்டிய மருத்துவக் காப்பீடு கட்டாயம் எடுங்கள், அதில் சிக்கனம் பார்க்கவே கூடாது.

ஊரிலிருந்து சென்னை போவதில் மட்டும் இரட்டையாக எடுத்துக்கொள்ளலாம். காரைக்குடியிலிருந்து பல்லவன் எக்ஸ்பிரஸ், இல்லையென்றால் இரவு ரயில். முன்கூட்டி ரத்து செய்தால் தலைக்கு ஓரிரு நூறு ரூபாயோடு போகும். திருச்சியிலிருந்தோ மதுரையிலிருந்தோ சென்னைக்கு விமானம் என்றால் அதையும் அமெரிக்க டிக்கெட்டோடு ஒரே பிஎன்ஆரில் போடச் சொல்லுங்கள். தனியாக எடுத்து, அது தாமதமாகிப் பெரிய விமானம் போய்விட்டால் நோ-ஷோ உங்கள் தலையில்தான்.

உங்கள் கணவருக்கு இப்போது ஒன்றும் வாங்க வேண்டாம். நீங்கள் இருவரும் ஒரே நேரத்தில் அங்கே இருந்தால் இங்கே மாமியாரோடு யார் என்ற கேள்விக்கு முதலில் பதில் வேண்டும். குழந்தை பிறந்து, மகள் தேறி, நீங்கள் அமர்த்திய பெண் ஒரு மாதமாவது தாக்குப்பிடித்த பிறகு, மே நடுவில் அவருக்குத் தேதி பாருங்கள். ஜூலை, ஆகஸ்ட்டில் இந்தியாவிலிருந்து திரும்பும் குடும்பங்களால் அமெரிக்கா போகும் விமானங்கள் நிரம்பும், அதற்கு முன் ஜூன் தொடக்கத்தில் போகும்படி பார்த்துக்கொண்டால் நல்லது. இப்போதைக்கு அவருடைய பாஸ்போர்ட்டும் விசாவும் எதுவரை செல்லும் என்று எடுத்துப் பாருங்கள். விசா முடிந்திருந்தால் புதுப்பிக்க நாளாகும், அதை மட்டும் இந்த வாரமே தொடங்கிவிடுங்கள்.