நீண்ட பயண பைக்: ஷோரூம் சொல்லும் 9 சதவீத வட்டி உண்மையில் எவ்வளவு?

கேள்வி: எனக்கு வயது 31. கோயம்புத்தூரில் தனியார் நிறுவனம் ஒன்றில் பணிபுரிகிறேன். கைக்கு வரும் சம்பளம் 62,000 ரூபாய். வாடகை உட்பட மாதச் செலவு 40,000 ரூபாய். வங்கியில் 2,20,000 ரூபாய் வைப்புத்தொகை உள்ளது, கடன் எதுவும் இல்லை. இப்போது 150 சிசி பைக் ஓட்டுகிறேன். நீண்ட தூரப் பயணத்துக்கான 450 சிசி பைக் ஒன்றுக்கு ஷோரூமில் 4,10,000 ரூபாய் ஆன்ரோடு விலை சொல்கிறார்கள். ஷோரூம் விலை 3,12,000, சாலை வரி 37,440, காப்பீடு 27,500, பதிவு மற்றும் கையாளுதல் 7,500, கூடுதல் வாரண்டியும் சாலையோர உதவியும் 8,560, துணைப் பொருட்கள் 17,000 ரூபாய். முன்பணம் 1,60,000 கட்டினால், மீதி 2,50,000 ரூபாய்க்கு 9 சதவீத வட்டியில் 36 மாதத் தவணை, மாதம் 8,819 ரூபாய் என்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: வாங்கலாம், ஆனால் இந்த மாதம் வேண்டாம், இந்தக் கடனிலும் வேண்டாம்.

முதலில் கடனைப் பார்ப்போம், ஏனெனில் உங்கள் பணம் அதிகம் கசியும் இடம் அதுதான். 8,819 ரூபாயை 36-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 3,17,500 ரூபாய் வருகிறது. அதாவது வட்டி மட்டும் 67,500 ரூபாய். இது ஃப்ளாட் ரேட் கணக்கு. நீங்கள் மாதந்தோறும் அசலைக் குறைத்துக்கொண்டே வந்தாலும், கடைசி மாதம் வரை முழு 2,50,000 ரூபாய்க்கும் வட்டி போடும் முறை இது. குறையும் நிலுவையின் மீது கணக்கிட்டால் இதன் உண்மையான வட்டி ஆண்டுக்குச் சுமார் 16 சதவீதம். இதே தொகையை 12 சதவீதத்தில், குறையும் நிலுவை முறையில் ஒரு வங்கி தருமானால் தவணை 8,304 ரூபாய்தான் வரும். மொத்த வட்டி 49,000 ரூபாய்க்குள் முடிந்துவிடும். கேட்பதற்கு 9 சிறியது, 12 பெரியது. கட்டும்போது 18,500 ரூபாய் வித்தியாசம். 2024 அக்டோபர் முதல், சில்லறைக் கடன்களுக்கு முக்கிய விவர அறிக்கை ஒன்றைக் கடன் வாங்குபவருக்குத் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதித்துள்ளது. கட்டணங்கள் எல்லாம் சேர்ந்த ஆண்டு வட்டி விகிதம் அதில் இருக்கும். கையெழுத்திடும் முன் அதைக் கேட்டு வாங்குங்கள். முன்கூட்டியே கடனை அடைத்தால் அபராதம் உண்டா என்பதும் அதில் தெரிய வேண்டும்; இருசக்கர வாகனக் கடன்கள் பெரும்பாலும் நிலையான வட்டியில் தரப்படுவதால் இந்த அபராதம் அடிக்கடி இருக்கும்.

அடுத்து விலைப்பட்டியல். அரசுக்குப் போகும் தொகையில் பேரம் பேச இடமில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான பைக்குகளுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், அதற்கு மேல் 40 சதவீதம். உங்கள் 3,12,000 ரூபாயில் 89,000 ரூபாய்க்குச் சற்று அதிகமானது ஜிஎஸ்டிதான். தமிழ்நாட்டில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட இருசக்கர வாகனத்துக்கான 12 சதவீத ஆயுள் வரி, அதாவது உங்கள் பட்டியலில் உள்ள சாலை வரி, அதற்கு மேல் தனி. பயணமெல்லாம் வால்பாறை, மூணாறு அளவில்தான் என்றால், 350 சிசி பைக் ஒன்றையும் ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுப்பது நல்லது. எனினும் இமயமலைச் சாலைகள்தான் மனத்தில் இருக்கின்றன என்றால், நான் வற்புறுத்தப் போவதில்லை.

காப்பீட்டைப் பொறுத்தவரை, புதிய இருசக்கர வாகனத்துக்கு ஐந்தாண்டு மூன்றாம் நபர் காப்பீடு 2018 செப்டம்பர் முதல் கட்டாயம். அதன் பிரீமியம் எந்த நிறுவனத்தில் வாங்கினாலும் ஏறத்தாழ ஒன்றேதான். வித்தியாசம் சொந்தச் சேதப் பகுதியிலும் கூடுதல் இணைப்புகளிலும் வருகிறது. ஷோரூமிலேயே காப்பீடு எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆகவே வெளியில் விலை கேட்டு ஒப்பிடுங்கள். அப்போது ஐடிவி எனப்படும் காப்பீட்டு மதிப்பு, அதாவது வண்டி திருடுபோனாலோ முழுதும் சேதமானாலோ கிடைக்கும் அதிகபட்சத் தொகை, இரண்டிலும் சமமாக உள்ளதா என்று பார்க்க வேண்டும். ஐடிவியைக் குறைத்து பிரீமியத்தை மலிவாகக் காட்டுவது பழைய உத்தி. உங்கள் பழைய பைக்கின் பாலிசியில் உரிமையாளர்-ஓட்டுநருக்கான 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு நடப்பில் இருந்தால், அதையே மீண்டும் வாங்க வேண்டியதில்லை.

பதிவுக் கட்டணத்தையும் கையாளுதலையும் ஒரே வரியில் 7,500 என்று எழுதியிருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. பதிவுக்கு அரசு ரசீது கிடைக்கும். கையாளுதல் டீலர் தன் பங்குக்குச் சேர்ப்பது. இரண்டையும் பிரித்துத் தரச் சொல்லுங்கள், பிரித்தாலே பாதிப் பேச்சு முடிந்துவிடும். கூடுதல் வாரண்டியை அன்றைக்கே வாங்க வேண்டுமா, பிறகும் சேர்க்க முடியுமா என்று கேளுங்கள். துணைப் பொருட்களில் எஞ்சின் காப்புக் கம்பி மட்டும் முதல் நாளே தேவை. பயணச் சாமான் வைக்கும் பெட்டிகளைப் பிறகு வாங்கலாம். ஆனால் மின் இணைப்பைத் தொடும் விளக்குகள் போன்றவற்றை வெளியில் பொருத்தினால் வாரண்டிக்குச் சிக்கல் வரலாம். இந்தப் பட்டியலில் இல்லாத செலவு ஒன்று உண்டு: தலைக்கவசம், பாதுகாப்பு ஜாக்கெட், கையுறை, பூட்ஸ். பெட்டிகளுக்கு முன் இவற்றுக்குப் பணம் ஒதுக்குங்கள்.

இப்போது ஏன் வேண்டாம் என்கிறேன்? முன்பணம் கட்டியபின் உங்களிடம் மிஞ்சுவது 60,000 ரூபாய், அதாவது ஒன்றரை மாதச் செலவு. தனியார் வேலையில் இருப்பவர் அந்த இருப்போடு மூன்றாண்டுத் தவணையில் இறங்கக் கூடாது. மாதம் மிஞ்சும் 22,000 ரூபாயில் 20,000-ஐ ஆறு மாதம் சேர்த்தால் 1,20,000 ரூபாய் கூடும். பிறகு அதே முன்பணத்தைக் கட்டினாலும் 1,80,000 ரூபாய், நாலரை மாதச் செலவுக்கான தொகை, கையில் நிற்கும். அந்த ஆறு மாதங்களில் ஒரு வார இறுதிக்கு அதே மாடலை வாடகைக்கு எடுத்து, சுமையோடு, ஒரு நாள் முழுவதும் ஓட்டிப் பாருங்கள். ஷோரூமைச் சுற்றிப் பத்து நிமிடம் ஓட்டுவதில் முதுகு என்ன சொல்கிறது என்று தெரியாது.

முன்பதிவு செய்யும்போது, ரத்து செய்தால் எவ்வளவு திரும்பும் என்பதை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். டெலிவரிக்கு முன், தயாரிப்பு மாதமும் ஆண்டும் குறிப்பிடப்பட்ட படிவம் 22-ஐப் பாருங்கள். முந்தைய ஆண்டில் தயாரான வண்டி என்றால் தள்ளுபடி கேட்க உங்களுக்கு முழு நியாயம் இருக்கிறது. கடன் முடிந்ததும் தடையில்லாச் சான்றும் படிவம் 35-உம் பெற்று, பதிவுச் சான்றிதழிலிருந்து அடமானக் குறிப்பை நீக்கிவிடுங்கள். இல்லையென்றால் வண்டியை விற்கும் நாளில் சிக்கல் வரும்.