நாலு பேர் டென்ட்டில் ஐந்து பேர்

கேள்வி: நாங்கள் கரூர். நான், மனைவி, 11 வயதிலும் 7 வயதிலும் இரண்டு பிள்ளைகள், 66 வயதில் என் அம்மா. அவ்வப்போது சனி, ஞாயிறில் காரில் போய் டென்ட் போட்டுத் தங்க ஆசை. டிசம்பர் லீவில் கொடைக்கானல் பக்கம், அப்புறம் கொல்லிமலை. ஆன்லைனில் 3,400 ரூபாய்க்கு '4 பேர், வாட்டர்ப்ரூஃப்' என்று ஒன்று பார்த்தேன். பிள்ளைகள் இருவரும் சேர்ந்து ஓர் ஆள் கணக்குதானே? கடையில் 14,000 ரூபாய் டென்ட்டைத் தள்ளிவிடப் பார்க்கிறார்கள். எதை வாங்கலாம்?

பதில்: 3,400 ரூபாய் டென்ட் வேண்டாம். கடைக்காரர் சொல்வதையெல்லாம் நம்பச் சொல்லவில்லை. ஆனால் அளவு விஷயத்தில் நியாயம் அவர் பக்கம்தான்.

பெட்டியில் போட்டிருக்கும் 'பேர்' கணக்கு, தோளோடு தோள் ஒட்டிப் படுத்தால் எத்தனை பேர் என்பது மட்டும்தான். ஓர் ஆளுக்கு 60 செ.மீ. அகலம். பைக்கு இடமில்லை, புரளவும் இடமில்லை. நீங்கள் பார்த்த ரகம் பெரும்பாலும் 200க்கு 200 செ.மீ. இருக்கும். 200ஐ 60ஆல் வகுத்துப் பாருங்கள், மூன்றரை ஆள்கூட வராது. அதற்கு '4 பேர்' என்று பெயர். பிஸ்கட் பாக்கெட்டில் எடை குறைந்தால் புகார் கொடுக்க இடம் இருக்கிறது. டென்ட் பெட்டியில் ஓர் ஆளையே கூட்டி எழுதினால் யாரிடம் போவது?

பிள்ளைகள் இருவரும் சேர்ந்து ஓர் ஆள் என்பது பஸ் டிக்கெட் கணக்கு. தூக்கத்தில் பெரியவர்களைவிட அதிக இடம் பிடிப்பது அவர்கள்தான். உங்கள் ஐந்து பேருக்கு '6 பேர்' என்று போட்ட டென்ட், தரை அளவு குறைந்தது 300க்கு 270 செ.மீ. இருக்க வேண்டும். 'பேர்' எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள், செ.மீ. கணக்கைக் கேளுங்கள். சொல்லத் தெரியாத கடையில் வாங்காதீர்கள். காரில் போகிறவருக்கு எடை ஒரு பிரச்சினையே இல்லை. 'லைட் வெயிட்' என்று யாராவது கூடுதலாகப் பணம் கேட்டால் நகர்ந்துவிடுங்கள்.

அடுத்தது 'வாட்டர்ப்ரூஃப்'. இந்த ஒரு சொல்லை வைத்துத்தான் பாதி வியாபாரம் நடக்கிறது. துணி எவ்வளவு தண்ணீர் அழுத்தம் தாங்கும் என்பதை மில்லிமீட்டரில் போடுவார்கள். மேலே போர்த்தும் ஃப்ளை துணிக்கு 2000, தரைத் துணிக்கு 3000, அதற்குக் குறையாமல் பாருங்கள். எண்ணே போடாமல் வெறுமனே 'வாட்டர்ப்ரூஃப்' என்றிருந்தால் தூறலுக்குத் தாங்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். துணி நன்றாக இருந்தாலும் தண்ணீர் வருவது தையல் வழியாகத்தான். ஃப்ளையின் உள்பக்கத்தைத் திருப்பினால் தையல் மேல் டேப் ஒட்டியிருக்க வேண்டும்.

இரண்டு அடுக்கு இருப்பதும் முக்கியம். உள்ளே வலை வைத்த அறை, மேலே இடைவெளி விட்டுத் தனியாக ஒரு ஃப்ளை. ஒற்றை அடுக்கு டென்ட்டில் ஐந்து பேர் விடும் மூச்சு, கொடைக்கானல் குளிரில் துணியில் பட்டு நீராகிச் சொட்டும். மழையே பெய்யாமல் போர்வை நனையும். ஒழுகுகிறது என்று நினைத்து ஜிப்பையெல்லாம் இழுத்து மூடுவார்கள், இன்னும் மோசமாகும்.

எதை வாங்கினாலும், திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் மொட்டை மாடியில் நிறுத்தி, கால் மணி நேரம் ஹோஸ் பைப்பில் தண்ணீர் அடித்துப் பாருங்கள். டென்ட்டோடு வரும் முளைகள் நம் ஊர்ச் செம்மண் மேட்டில் வளைந்துவிடும். பட்டறையில் சொல்லி முக்கால் அடிக்கு பத்து இரும்பு முளை செய்துகொள்ளுங்கள்.

இப்போது அம்மா. நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள், எனக்கு அதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது. குடை மாதிரி வளைந்த சாதாரண டென்ட்டின் நடு உயரம் 130 செ.மீ. இருந்தாலே அதிகம். முட்டி போட்டுத்தான் நுழைய வேண்டும், ராத்திரி எழுந்தால் மற்றவர்களைத் தாண்டித்தான் வெளியே வர வேண்டும். 66 வயது முழங்காலுக்கு இது ஆகாது. நிற்கும் உயரமுள்ள, சுவர் நேராக எழும் கேபின் ரகம் எடுத்தால், மடக்குக் கட்டில் ஒன்று போடலாம். ஆனால் கட்டிலே 70 செ.மீ. அகலம் பிடிக்கும். அதன் கால் தரைத் துணியைக் கிழிக்கும், அடியில் பலகைத் துண்டு வேண்டும். உயரமான டென்ட் காற்றையும் நன்றாகப் பிடிக்கும். மலை விளிம்பில் போடவே கூடாது, எல்லாக் கயிற்றையும் கட்ட வேண்டும். இத்தனையும் செய்து, வாசல் ஒன்றுதான் என்றால் பழைய கதைதான். ஆகவே இரண்டு வாசல் உள்ளதாகக் கேளுங்கள். கிடைக்கவில்லையா, பக்கத்திலேயே அறை இருக்கும் இடமாகப் பார்த்து அம்மாவை அங்கே படுக்க வையுங்கள். பேரப்பிள்ளைகளோடு பொழுதுபோக்க டென்ட்டுக்கு வரட்டும்.

டென்ட்டைவிட எனக்குப் பயம், அதை எங்கே போடப் போகிறீர்கள் என்பதில்தான். போனில் அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு, கிளம்பும் அன்று லொக்கேஷன் அனுப்பும் ஏஜென்ட்டுகள் பெருகிவிட்டார்கள். இடம் யாருடையது, பட்டா நிலமா, கழிப்பறை உண்டா, ராத்திரி ஆள் இருப்பாரா, காடு எவ்வளவு தூரம் என்று கேளுங்கள். மழுப்பினால் விடுங்கள். 2021 ஜனவரியில் வயநாட்டின் மேப்பாடியில், விடுதிக்காரர்கள் போட்டுக்கொடுத்த டென்ட்டில் தங்கிய இளம்பெண்ணை யானை கொன்றது. காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவதே குற்றம், 'ரேஞ்சர் நம்ம ஆள்தான்' என்று எவர் சொன்னாலும் சரி. முறையாகப் போகலாம் என்று எங்கே டென்ட் போட அனுமதி உண்டு என விசாரித்தால், ஓர் அலுவலகம் இன்னொன்றைக் கைகாட்டும், அது மூன்றாவதை. ஏஜென்ட்டுகள் பிழைப்பதே இந்த அலைச்சலால்தான். விபத்து நடந்தால் நாலு நாள் சோதனை, அப்புறம் அவரவர் வேலை.

குளிருக்காக அடுப்புக் கரியை டென்ட்டுக்குள் வைக்காதீர்கள். கொடைக்கானலில் 2024இல் அறைக்குள் இருந்த பார்பிக்யூ அடுப்பின் புகையில் இரண்டு இளைஞர்கள் இறந்தார்கள். ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்தால் போதும் என்பதெல்லாம் பேச்சு. குளிர் பெரும்பாலும் தரையிலிருந்துதான் ஏறும். ஆளுக்கொரு தடித்த ஃபோம் பாய் வாங்குங்கள், கம்பளி அதற்கப்புறம்.

14,000 ரூபாய் டென்ட்டில் நான் சொன்ன அளவும் எண்ணும் டேப்பும் இருந்தால் பேரம் பேசி வாங்கலாம். வீடு திரும்பியதும் ஈரத்தோடு சுருட்டி வைக்காமல் நிழலில் விரித்துக் காயப்போடுங்கள். பரணில், அதுவும் தகரக் கூரைக்குக் கீழே வேண்டாம். சூட்டிலும் ஈரத்திலும் உள்பூச்சு பிசுபிசுத்து உரிந்துவிடும். கட்டிலுக்கு அடியில் வையுங்கள்.