ஒரே வரைபடத்தில் இரண்டு அளவைகளா?

கேள்வி: லண்டனில் மகன் வீட்டில் தங்கியிருந்தபோது, தொலைக்காட்சி வானிலை அறிக்கையில் வெப்பத்தைச் செல்சியஸிலும் காற்றின் வேகத்தை மைலிலும் சொல்லக் கேட்டேன். ஒரே அறிக்கையில் இரண்டு முறைகளைக் கலப்பது ஏன்?
– வாசகர் ஒருவர், திருச்சி

பதில்: தாங்கள் கவனித்தது சரியே. பிபிசி வானிலை வரைபடத்தில் வெப்பநிலை செல்சியஸிலும், காற்றின் திசையைக் காட்டும் சிறு வட்டத்துக்குள் உள்ள எண் மணிக்கு இத்தனை மைல் என்றும் இருக்கும். மழையளவோ மில்லிமீட்டரில் வரும்.

இதற்கான காரணத்தை ஒளிபரப்பு நிலையத்தில் தேடுவதைவிடச் சாலையில் தேடுவதே பொருத்தம். மெட்ரிக் முறைக்கு மாறப்போவதாக 1965இல் அறிவித்த பிரிட்டன், அதற்கென 1969இல் அமைத்த வாரியத்தை 1980இல் கலைத்துவிட்டது. சாலைப் பலகைகள் மாறவே இல்லை. இன்றும் தொலைவு மைலிலும் கஜத்திலும்தான் எழுதப்படுகிறது, வேக வரம்பும் மைலில்தான். நாள்தோறும் வேகமானியில் மைலைப் பார்த்து வண்டி ஓட்டுகிறவருக்கு, பாலத்தின் மேல் 60 மைல் வேகத்தில் காற்றடிக்கும் என்று சொன்னால்தான் ஆபத்து உடனே உறைக்கும்.

வெப்பநிலையின் கதை வேறு. 1962 ஜனவரியில் பொதுமக்களுக்கான வானிலை அறிக்கைகளில் செல்சியஸ் இடம்பெறத் தொடங்கியது. பாரன்ஹீட்டும் நெடுங்காலம் கூடவே சொல்லப்பட்டு, மெல்ல மெல்லப் பின்னுக்குப் போயிற்று. 2022 ஜூலை 19 அன்று லிங்கன்ஷயரிலுள்ள கோனிங்ஸ்பியில் 40.3 டிகிரி பதிவானபோது, வெப்பம் முதன்முறையாக நாற்பதைத் தாண்டியது என்பதே அந்நாட்டின் பெருஞ்செய்தி. அதே வெப்பம் பாரன்ஹீட்டில் 104.5 என்று மட்டும் சொல்லப்பட்டிருந்தால், எந்த எல்லையும் தாண்டப்பட்டதாகவே தோன்றியிராது. கிரிக்கெட்டில் இது தலைகீழ். 2003 உலகக் கோப்பையில் ஷோயப் அக்தர் இங்கிலாந்துக்கு எதிராக வீசிய பந்தின் வேகம் 161.3 கிலோமீட்டர், அது 100.2 மைல் என்பதால்தான் வரலாறாயிற்று.

மக்கள் வழக்கில் கலப்பு இருக்கும்வரை ஒளிபரப்பிலும் அது இருப்பதை நான் குறையாகக் கருதவில்லை. ஆனால் ஒரே செய்தியைக் கிலோமீட்டரில் தொடங்கி மைலில் முடிப்பதும், பள்ளியில் கிலோகிராம் படித்த இளைஞருக்கு உடல் எடையை 14 பவுண்டு கொண்ட ‘ஸ்டோன்’ கணக்கில் மட்டும் சொல்வதும் கேட்பவரைக் கைவிடுவதாகும். வெப்பநிலைக்குச் செய்ததுபோல இரண்டையும் அருகருகே சொல்வதே முறை. அடுத்த முறை அந்த வட்டத்துக்குள் 50 என்று கண்டால், 1.6ஆல் பெருக்கி, மணிக்கு 80 கிலோமீட்டர் என்று கொள்ளுங்கள்.