அந்த இரண்டாவது தாங்கி

அன்புள்ள அக்கா,

எனக்கு ஊர் கல்முனை. எங்கள் வீட்டில் 1953ஆம் ஆண்டு ஒஸ்ரின் ஏ40 சொமர்செற் கார் ஒன்று நிற்கிறது. அப்பப்பா வாங்கியது. பிறகு அப்பா அதில் நெடுங்காலம் ஹயர் ஓடினார். காருக்கும் அப்பாவுக்கும் ஒரே வயது. வருகிற நவம்பரில் அப்பாவை இங்கிலாந்துக்குக் கூட்டிப்போய், பர்மிங்ஹாம் என்.இ.சி. மண்டபங்களில் நடக்கும் கிளாசிக் கார் கண்காட்சியைக் காட்ட வேண்டும் என்று ஆசை. அண்ணா லண்டனில் இருக்கிறார். செப்டெம்பரில் வரும் குட்வுட் ரிவைவல்தான் திறம் என்று சிலர் சொல்கிறார்கள். எதற்குப் போகலாம்? விசாவுக்கு ஏஜென்ற் பிடிக்கவா? அப்பா குளிர் தாங்குவாரா?

போவதற்கு முன்னர் காரை முழுதாகக் கழற்றிப் புதுப் பெயின்ற் அடித்து, சூறாவளியில் நெளிந்த கூரையை நிமிர்த்தி, டிக்கிக்குள் அப்பா பூட்டிய அந்த அசிங்கமான மண்ணெண்ணெய்த் தாங்கியையும் எறிந்துவிட்டு, ஷோரூமில் இருந்து வந்த மாதிரிப் படம் எடுத்துக்கொண்டு போனால் அங்குள்ள கார்க் கழகத்தாருக்குப் பெருமையாகக் காட்டலாம். அப்பா வேண்டாம் என்கிறார். ஏன் என்றும் சொல்கிறார் இல்லை. நீங்கள் பழைய சாமான்களைப் பற்றி எழுதுகிறவர் என்பதால் கேட்கிறேன்.

வாசகர், கல்முனை

அன்புள்ள தம்பி,

எழுபது கடந்த தகப்பனைக் கண்காட்சி பார்க்கக் கூட்டிப்போக நினைத்ததற்காகவே உங்களை எனக்குப் பிடித்துவிட்டது. கண் வைத்தியத்துக்கும் பேரப்பிள்ளை பார்க்கவும் வயசானவர்களை விமானம் ஏற்றுவோம். அவர்களுக்குப் பிடித்த ஒன்றைக் காட்டுவதற்காக ஏற்றுகிறவர்கள் குறைவு.

விசா விஷயத்தை அண்ணாவிடம் விடுங்கள். விண்ணப்பத்தை இணையத்திலேயே நிரப்பலாம், கைரேகை கொடுக்கக் கொழும்புக்குப் போனால் போதும். ஏஜென்றுக்குக் காசு கொடுக்க வேண்டாம். குளிருக்கு நல்ல ஜாக்கெற்றும் கம்பளிக் காலுறையும் வாங்குங்கள். பர்மிங்ஹாம் கண்காட்சி கூரைக்குக் கீழேதான் நடக்கும்.

எதற்குப் போவது என்றால், குட்வுட் கார்ப் பந்தயக்காரரின் திருவிழா. 1948 முதல் 1966 வரை பந்தயம் நடந்த ஓடுபாதை அது. வருகிறவர்களும் அந்தக் காலத்து உடுப்புப் போட்டுக்கொண்டு வருவார்கள். பார்க்க அழகுதான், ஆனால் வெளியில் நாள் முழுக்க நடக்க வேண்டும். அப்பாவுக்குப் பர்மிங்ஹாம்தான் சரி. அங்கே கார்க் கழகங்கள் தங்கள் கார்களைக் கொண்டுவந்து நிறுத்தி, சொந்தக்காரரே பக்கத்தில் நின்று கதைப்பார்கள். இன்னொன்றும் இருக்கிறது. உங்கள் கார் பிறந்த லோங்பிரிட்ஜ் தொழிற்சாலை அதே பர்மிங்ஹாமில்தான் இருந்தது. 2005இல் மூடுண்டு இப்போது பெரும்பகுதி இடிபட்டுவிட்டது. இருந்தாலும் ஒரு பின்னேரம் அப்பாவை அந்தப் பக்கம் கூட்டிப் போங்கள்.

சரி, இனி என் மனதில் இருப்பதைச் சொல்கிறேன். உங்கள் கடிதத்தில் 'அசிங்கமான' என்று ஒரு சொல் போட்டிருக்கிறீர்கள். அதை வாசித்ததும் எனக்குக் கோபம் வந்தது. அந்தத் தாங்கி என்ன செய்தது என்று ஒரு நாளாவது அப்பாவிடம் கேட்டிருக்கிறீர்களா?

என்னுடைய மாமாவும் ஏ40தான் வைத்திருந்தார். எங்களுக்குப் படுவான்கரை, மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரை. தொண்ணூறுகளில், போர் நடந்த காலத்தில், வாவிக்கு அந்தப் பக்கம் பெற்றோல் என்பது போத்தலில் பார்க்கிற சாமான். மாமாவும் உங்கள் அப்பாவைப் போல டிக்கிக்குள் ஒரு சின்னத் தாங்கி பூட்டி, சாரதி கைக்கு எட்டுகிற இடத்தில் ஒரு திருகு வைத்திருந்தார். பெரிய தாங்கியில் மண்ணெண்ணெய், சின்னதில் பெற்றோல். சிலர் மாற்றியும் வைப்பார்கள். பெற்றோல் இலேசில் ஆவியாகும், குளிர்ந்த எஞ்சினையும் பற்றவைக்கும். மண்ணெண்ணெய் அப்படி ஆவியாகாது, அதற்குச் சூடு வேண்டும். அதனால் பெற்றோலில் ஸ்ராட் எடுத்து, எஞ்சின் நன்றாகச் சூடாகும் வரைக்கும் ஓட்டி, பிறகு திருகை மண்ணெண்ணெய்க்குத் திருப்ப வேண்டும். நிறுத்தப் போகிறோம் என்றால் கொஞ்சத் தூரம் முன்னாலேயே திரும்பவும் பெற்றோலுக்கு மாற்றி, காபரேற்றரில் கிடக்கிற மண்ணெண்ணெயை எரித்து முடிக்க வேண்டும். மறந்து நிறுத்தினால் ஆறிய எஞ்சினை மறுபடி எழுப்ப மனுசர் இறங்கித் தள்ள வேண்டும்.

எல்லாக் காரும் இதற்கு இடம் கொடுக்காது. ஏ40 எஞ்சினின் அமுக்க விகிதம், அதாவது எரிகலவையை எஞ்சின் எத்தனை மடங்கு அமுக்குகிறது என்பது, ஏழுக்கு ஒன்றுக்குக் கிட்டத்தான். இந்தக் காலத்துக் கார்களில் அது பத்துக்கு ஒன்றுக்கு மேலும் போகும், அதற்குள் மண்ணெண்ணெயை விட்டால் அடித்துக்கொண்டே செத்துப்போகும். ஏ40 சகித்தது. சும்மா சகிக்கவில்லை. எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரன் வளையத்தைத் தாண்டிக் கீழே இறங்கி எஞ்சின் ஒயிலைத் தண்ணியாக்கும். மாமா ஒவ்வொரு காலையும் ஒயில் கம்பியை இழுத்து, விரலில் தேய்த்து, மணந்து பார்ப்பார். மெக்கானிக் பாஸ் ஒருவர் வந்து பற்றவைக்கும் நேரத்தை முன்பின் மாற்றி, எஞ்சின் அடிக்காமல் ஏற்றம் ஏறப் பண்ணிக் கொடுத்தார். இதை அவர்களுக்கு ஒரு புத்தகமும் படிப்பிக்கவில்லை.

ஒரு இரவு என் தங்கைக்குக் காய்ச்சல் ஏறி வலிப்பு வந்தது. கொக்கட்டிச்சோலைப் பக்கமிருந்து மண்முனைத் துறைக்கு வந்து, பாதை என்கிற மிதவைப் படகில் காரை ஏற்றி, வாவி கடந்துதான் பட்டணத்துக்குப் போக வேண்டும். இப்போது அங்கே பாலம் இருக்கிறது, அப்போது இல்லை. அன்று வீட்டில் இருந்த பெற்றோல் ஒரு சோடாப் போத்தல் அளவு. தடைமுகாம் வந்தால் எஞ்சினை நிறுத்தச் சொல்வார்கள். நிறுத்தினால் இறங்க வேண்டும், வரிசையில் நிற்க வேண்டும், அதற்குள் எஞ்சின் ஆறும், மறுபடி ஸ்ராட் எடுக்கக் கொஞ்சம் பெற்றோல் போகும். மாமா பெற்றோலைத் தூரத்தால் அளக்கவில்லை, இன்னும் எத்தனை தரம் நிறுத்தச் சொல்வார்கள் என்று எண்ணி அளந்துகொண்டு வந்தார். அம்மா மடியில் தங்கையை வைத்துக்கொண்டு முன் இருக்கையில் இருந்தா. ஏ40இல் முன் இருக்கை பெஞ்சு மாதிரி ஒன்றாக இருக்கும், கியர் ஸ்ரியரிங்கோடு இருக்கும், அதனால் நடுவில் நானும் இருக்க இடம் இருந்தது. வெள்ளைப் புகையும் மண்ணெண்ணெய் மணமும் கண்ணை எரித்தன. தங்கை பிழைத்தாள். இப்போது இரண்டு பிள்ளைகளின் தாய்.

மாமாவின் காரைப் பிறகு யாரோ வாங்கி, ஜெற் கறுப்பு அடித்துக் கலியாணங்களுக்கு வாடகைக்கு விட்டார்கள். நான் ஒரு கலியாணத்தில் அதைப் பார்த்தேன். திருகு இருந்த இடத்தில் ஓட்டையை அடைத்துப் பெயின்ற் அடித்திருந்தார்கள். அதில் என் மாமாவைக் காட்ட ஒன்றும் இல்லை.

அதனால்தான் இவ்வளவு சத்தம் போடுகிறேன். பளபளக்கும் சொமர்செற் காரைப் பர்மிங்ஹாமில் நிற்கும் கழகத்தார் வாழ்நாள் முழுக்கப் பார்த்தவர்கள். நீங்கள் கொண்டுபோகும் புதுப் பெயின்ற் படத்தைப் பார்த்து நன்றாயிருக்கிறது என்று மரியாதைக்குச் சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் திரும்பிவிடுவார்கள். தாங்கியின் படத்தைக் காட்டிப் பாருங்கள். அந்த நாட்டிலும் இந்தக் கதை இருக்கிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகும் 1950 மே மாதம் வரைக்கும் அங்கே பெற்றோலுக்குப் பங்கீடு. உழவு இயந்திரங்களை மண்ணெண்ணெய் வகை எரிபொருளில் ஓட விட்டார்கள். சாம்பல் நிறப் பெர்குசன் உழவு இயந்திரத்தில் அதற்கென்றே ஒரு வகை வந்தது. அதிலும் பெற்றோலில் ஸ்ராட் எடுத்துச் சூடானதும் மாற்ற வேண்டும். அந்த உழவு இயந்திரங்களை இன்றைக்கும் பழைய வாகனக் கண்காட்சிகளில் பெருமையாகக் கொண்டுவந்து காட்டுகிறார்கள். அவர்களுக்குத் தொழிற்சாலை செய்து கொடுத்ததை உங்கள் அப்பா சுத்தியலும் செப்புக் குழாயும் வைத்துக்கொண்டு தானாகச் செய்தார். அங்கே நிற்கிற ஒரு கிழவர் அந்தப் படத்தைப் பார்த்தால் கதிரை இழுத்துப் போட்டு அப்பாவை இருத்தி விசாரிப்பார்.

பழைய வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பு ஒன்று இருக்கிறது, ஃபீவா என்று சொல்வார்கள். அவர்களுடைய டூரின் சாசனம் பழைய வாகனத்தைப் பாதுகாப்பதற்கு நெறி வகுக்கிறது. வாகனம் ஓடிய காலத்தின் தடயமும் அதன் வரலாறுதான் என்பது அதன் அடிப்படை. அமெரிக்காவில் பெபிள் பீச்சில் நடக்கும் பெரிய கார்ப் போட்டியில்கூட, புதுப்பிக்காமல் வைத்திருக்கும் கார்களுக்கென்று தனிப் பிரிவு இருக்கிறது. உலகம் அந்தப் பக்கம் போய்க்கொண்டிருக்க நீங்கள் உப்புத் தாள் வாங்க ஓடுகிறீர்கள்.

கறளை விடச் சொல்லவில்லை. கடற்காற்று அடிக்கிற ஊரில் கறளை விட்டால் தரைத்தகடு போகும். அதை வெட்டி ஒட்டுங்கள். பிரேக் ரப்பர், குழாய், வயர் எல்லாம் மாற்றுங்கள், அது உயிர்ப் பாதுகாப்பு. நம் நாட்டில் கை இல்லாமல் இல்லை. தொண்ணூறுகளில் மொறிஸ் மைனருக்கான தகடுகளை இலங்கையில் அடித்து இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். அப்படிப்பட்ட நாட்டில் தரைத்தகடு போடத் தெரிந்த ஆளைத் தேடிப் பிடிக்கலாம்.

கூரை நெளிவு 1978 நவம்பரில் வந்த சூறாவளியில் ஆனது என்றால் அதையும் தொடாதீர்கள். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் தென்னந்தோப்புகள் பாயாய்ப் படுத்த இரவு அது. அன்று விழுந்த மரத்தின் அடையாளம் வேறு எந்தக் கண்காட்சியில் கிடைக்கும்? மழை ஒழுகினால் உள்ளே அடைத்துக்கொள்ளுங்கள்.

இலக்கத் தகட்டையும் பாருங்கள். சிங்கள ஸ்ரீ எழுத்து வர முந்திய ஆங்கில எழுத்து இலக்கம் என்றால் புதிதாக எழுதுகிறேன் என்று அழிக்க வேண்டாம். ஐம்பதுகளின் கடைசியில் அந்த எழுத்தை வைத்து இந்த நாட்டில் என்ன நடந்தது என்று அப்பாவிடம் கேளுங்கள், அவருடைய அப்பா சொல்லியிருப்பார்.

அப்பா காரணம் சொல்கிறார் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் காரில் அவர் யாரை ஏற்றினார், யாரைக் கொண்டுபோய்ச் சேர்த்தார், யாரைச் சேர்க்க முடியாமல் போனது என்பதெல்லாம் மகனுக்கு இலேசில் சொல்கிற கதையா? வற்புறுத்த வேண்டாம். டிக்கியைத் திறந்து வைத்து, இந்தத் திருகை எந்தப் பக்கம் திருப்புவது என்று மட்டும் கேளுங்கள். அதற்குப் பதில் சொல்வார். மிச்சம் தானாக வரும். ஃபோனில் குரலைப் பதிவு செய்து வையுங்கள்.

போகும்போது சேசிஸ் இலக்கத்தையும் எஞ்சின் இலக்கத்தையும் எழுதிக்கொண்டு போங்கள். வார்விக்ஷயரில் கேய்டன் என்ற இடத்தில் பிரிட்டிஷ் மோட்டார் அருங்காட்சியகம் இருக்கிறது. ஒஸ்ரின், மொறிஸ் போன்ற பல கார்களின் தொழிற்சாலைப் பதிவுகள் அவர்களிடம் உண்டு. காசு கட்டினால் உங்கள் காரின் பதிவைத் தேடிப் பார்த்துச் சான்றிதழ் தருவார்கள். பதிவு கிடைத்தால் அப்பாவின் கையிலேயே கொடுங்கள். கழகத்தாரோடு கதைக்கும்போது நீங்கள் முன்னால் நிற்க வேண்டாம். அப்பா தமிழில் சொல்லட்டும், நீங்கள் பக்கத்தில் நின்று அவர்களுக்கு மாற்றிச் சொல்லுங்கள். எஞ்சினைக் காட்டிக் கையால் சொன்னாலே பாதி அவர்களுக்கு விளங்கும்.

மற்றதெல்லாம் ஆறுதலாக எழுதலாம். தாங்கியைக் கழற்றிவிட்டீர்களா இல்லையா என்பதை மட்டும் இன்றைக்கே எழுதுங்கள். கழற்றியிருந்தால் பழைய இரும்புக்காரனிடம் போக முதல் எடுத்து வந்து அதே இடத்தில் பூட்டுங்கள்.

அன்புடன்,
அக்கா